சளி பிடித்தால் வைட்டமின் சி: இரண்டு நோபல் வாங்கிய விஞ்ஞானி எங்கே சறுக்கினார்?

கொரோனா இரண்டாம் அலையின்போது வைட்டமின் சி மாத்திரைக்காக மெடிக்கல் ஷாப் மெடிக்கல் ஷாப்பாக அலைந்தது ஞாபகம் இருக்கிறதா? ஆரஞ்சு நிறத்தில், புளிப்பும் இனிப்புமாக, சப்பிச் சாப்பிடும் அதே மாத்திரைதான். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய லிஸ்ட்டைக் காட்டி நானும் நாலு அட்டை வாங்கி வைத்தேன். அதில் பாதி இன்னும் வீட்டு மருந்து டப்பாவில் எக்ஸ்பயரி ஆகிக் கிடக்கிறது.

இப்போது அந்த மாத்திரை கொஞ்சம் ஸ்டைலாக மாறியிருக்கிறது. ஆபீஸ் டெஸ்க்கில் தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வில்லை, கரடிப் பொம்மை வடிவத்தில் கம்மி, சருமம் பளபளக்க கொலாஜன் பவுடர் என்று பல அவதாரம். ஆனால் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: சளி பிடிக்கிற மாதிரி இருந்தால் வைட்டமின் சி போடு, எதிர்ப்புச் சக்தி ஏறும்.

இது பாட்டி சொன்ன வைத்தியம் இல்லை. பாட்டி சொன்னது மிளகு ரசமும் துளசிக் கஷாயமும்தான். கிராம் கணக்கில் வைட்டமின் சி மாத்திரை சாப்பிடும் பழக்கம் உலகம் முழுக்கப் பரவ மிகப் பெரிய காரணம் ஒரே ஒரு மனிதர். அவர் மோசடிப் பேர்வழியும் இல்லை, அரைகுறையும் இல்லை. 20-ம் நூற்றாண்டின் தலைசிறந்த வேதியியலாளர்களில் ஒருவர். பெயர் லைனஸ் பாலிங்.

யார் இந்த பாலிங்?

1901 பிப்ரவரி 28-ல் அமெரிக்காவின் ஒரேகான் மாகாணத்தில், போர்ட்லேண்ட் நகரத்தில் பிறந்தவர். அப்பா மருந்துக்கடைக்காரர். பாலிங்குக்கு ஒன்பது வயது இருக்கும்போது அப்பா திடீரென்று இறந்துபோனார். குடும்பம் கஷ்டத்தில் விழுந்தது. பையன் கிடைத்த வேலையெல்லாம் செய்துகொண்டே படித்தான். ஒரேகான் விவசாயக் கல்லூரியில் பட்டம், பிறகு கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் முனைவர் பட்டம்.

அணுக்கள் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்து மூலக்கூறு ஆகின்றன என்பதை, அப்போது புதிதாக வந்திருந்த குவாண்டம் இயற்பியலை வைத்து விளக்கியவர் அவர். 1939-ல் வேதிப் பிணைப்பு பற்றி அவர் எழுதிய புத்தகம் ஒரு தலைமுறை வேதியியல் மாணவர்களுக்குப் பாடநூல். பிளஸ் டூ-வில் எலக்ட்ரோநெகட்டிவிட்டி அட்டவணையையும் ஹைபிரிடைசேஷனையும் மனப்பாடம் செய்தவர்கள், அங்கே அவர் பெயரைப் பார்த்திருப்பீர்கள்.

1948-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் தங்கியிருந்தபோது சளி பிடித்துப் படுக்கையில் கிடந்தார். படிக்கக் கொண்டுவந்த துப்பறியும் நாவல்கள் அலுத்துப்போக, ஒரு தாளில் புரதச் சங்கிலி ஒன்றை வரைந்து மடித்து மடித்துப் பார்த்தார். புரதங்களின் அடிப்படை வடிவங்களில் ஒன்றான ஆல்ஃபா ஹீலிக்ஸ் அப்படித்தான் அவர் கையில் சிக்கியது. பிற்காலத்தில் சளியை ஒழிக்கக் கிளம்பிய மனிதருக்கு, ஒரு சளி செய்த பேருதவி இது. அடுத்த ஆண்டே, அரிவாள் செல் சோகை என்ற ரத்த நோய்க்குக் காரணம் ஹீமோகுளோபின் மூலக்கூறில் உள்ள கோளாறு என்று அவரது குழு காட்டியது. ஒரு நோயின் வேரை ஒற்றை மூலக்கூறு வரை தேடிப்போன முதல் சம்பவம் அது.

1954-ல் வேதியியல் நோபல். பிறகு அணுகுண்டுச் சோதனைகளுக்கு எதிராக மனைவி ஏவா ஹெலனோடு சேர்ந்து இறங்கினார். 1958-ல் 11,000-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளின் கையெழுத்தோடு ஐ.நா.விடம் மனு கொடுத்தார். அதற்கு முன்பே அமெரிக்க அரசு அவருக்கு பாஸ்போர்ட் மறுத்திருந்தது. கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்து விசாரணைகளும் நடந்தன. அவர் மசியவில்லை. 1962-ம் ஆண்டுக்கான அமைதி நோபல் அவருக்குக் கிடைத்தது. யாரோடும் பங்கு போடாமல் இரண்டு நோபல் வாங்கிய ஒரே மனிதர் இன்றுவரை அவர்தான்.

ஊரே எதிர்த்து நின்றபோது தனியாக நின்று ஜெயித்தவர் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது உதவும்.

மெட்ராஸில் விடை கிடைத்த ஒரு கேள்வி

மேதைகளும் தப்பு செய்வார்கள். பாலிங்கின் தப்புகளில் ஒன்று நமக்கு நெருக்கமானது.

நம் தோல், எலும்பு, தசைநார், ஈறு எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி வைத்திருக்கும் புரதம் கொலாஜன். அதன் வடிவத்தை 1951-ல் பாலிங் குழு வெளியிட்டது. அது தவறு. சரியான பாதையைக் கண்டுபிடித்தது மெட்ராஸ் பல்கலைக்கழகம். ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கங்காரு வால் தசைநாரின் எக்ஸ்ரே படங்களை வைத்து, கொலாஜன் என்பது மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிய கயிறு என்று 1954-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஜடை பின்னுவது மாதிரி. பிறகு விவரங்களில் திருத்தங்கள் வந்தன. ஆனால் மூவிழைச் சுருள் என்ற அந்த அடிப்படை நிலைத்தது.

அதற்கு முந்தைய வருடம் டிஎன்ஏ-வுக்கும் பாலிங் ஒரு வடிவம் சொல்லியிருந்தார். அதுவும் அவசரத்தில் சொன்ன தவறு. சில வாரங்களிலேயே வாட்சனும் கிரிக்கும் சரியான விடையோடு வந்துவிட்டார்கள்.

இந்த இரண்டு தடவையும் பாலிங் பெரிதாக அடம் பிடிக்கவில்லை. எக்ஸ்ரே படம் ஒன்றைச் சொல்லும்போது எதிர்த்து வாதாட அங்கே இடம் குறைவு. உடம்பு நலம் அப்படி இல்லை. நேற்று மாத்திரை போட்டேன், இன்று சளி போய்விட்டது என்று யாரும் சொல்லலாம். போடாமல் இருந்தாலும் போயிருக்குமா என்பதை அந்த ஒரு ஆள் எப்படித் தெரிந்துகொள்வார்?

கொலாஜன் கதையில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அந்த மூவிழைக் கயிறு உறுதியாக நிற்க, உடம்பு அதன் இழைகளில் ஒரு சின்ன வேதி மாற்றம் செய்ய வேண்டும். அந்த வேலைக்கு வைட்டமின் சி கட்டாயம் தேவை. அது இல்லாவிட்டால் கயிறு நைந்துபோகும். ஈறில் ரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிய புண் திரும்பத் திறக்கும். ஸ்கர்வி என்ற நோய் இதுதான். நெடுந்தூரக் கப்பல் மாலுமிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஆளுக்கொரு வைத்தியம் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர் மட்டும் சீக்கிரமே எழுந்து நடமாடினார்கள்.

ஆக, வைட்டமின் சி-யின் கதையே ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையில்தான் தொடங்குகிறது. சுமார் 220 வருடம் கழித்து, பாலிங் கோட்டைவிட்டதும் அதே இடத்தில்தான்.

ஒரு கடிதம் வந்தது

1966-ல் ஒரு விருது விழாவில் பேசிய பாலிங், அறிவியல் இன்னும் எங்கெங்கே போகிறது என்று பார்க்க இன்னொரு 25 வருடம் உயிரோடு இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். அப்போது அவருக்கு 65 வயது. கூட்டத்தில் இர்வின் ஸ்டோன் என்றொருவர் இருந்தார். உணவு கெடாமல் இருக்க வைட்டமின் சி-யைப் பயன்படுத்தும் ஆராய்ச்சியில் பல வருடம் இருந்த தொழிற்சாலை வேதியியலாளர். தினமும் 3 கிராம் வைட்டமின் சி சாப்பிட்டால் 25 வருடம் என்ன, அதற்கு மேலும் வாழலாம் என்று பாலிங்குக்குக் கடிதம் எழுதினார்.

3 கிராம் என்றால் எவ்வளவு என்று பாருங்கள். நம் ஐசிஎம்ஆர் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65 மில்லிகிராம் போதும். ஒரு கொய்யாப்பழத்தில் அதைவிட அதிகமாகவே கிடைத்துவிடும். ஸ்டோன் சொன்னது அதைப் போலக் கிட்டத்தட்ட 40 மடங்கு.

வேறு யாராவது என்றால் கடிதத்தைக் குப்பையில் போட்டிருப்பார்கள். பாலிங்குக்கு அப்படிப் போட மனம் வராததற்குக் காரணம் இருந்தது. 1941-ல் அவருக்கு மோசமான சிறுநீரக நோய் வந்தது. அந்தக் காலத்தில் அது கிட்டத்தட்ட மரண தண்டனை. தாமஸ் அடிஸ் என்ற மருத்துவர் புரதத்தையும் உப்பையும் குறைத்த கடுமையான உணவுமுறையில் வைத்து அவரைத் தேற்றினார். பாலிங் பல ஆண்டுகள் அந்தப் பத்தியத்தை விடவில்லை. சாப்பாட்டை மாற்றினால் சாவையே தள்ளிப்போடலாம் என்பது அவருக்குப் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை, பட்டுத் தெரிந்த விஷயம்.

பாலிங்கும் ஏவா ஹெலனும் வைட்டமின் சி சாப்பிட ஆரம்பித்தார்கள். வருடா வருடம் படுத்தி எடுத்த சளி குறைந்ததாகத் தோன்றியது. உடம்பு தெம்பாக இருந்தது. 3 கிராமில் தொடங்கிய அளவு ஏறிக்கொண்டே போய், பிற்காலத்தில் ஒரு நாளைக்கு 18 கிராம் ஆனது. நம் மெடிக்கல் ஷாப் 500 மில்லிகிராம் மாத்திரைக் கணக்கில் 36 மாத்திரை.

அவரிடம் ஒரு தியரியும் இருந்தது, கேட்க ரொம்ப அழகாக இருக்கும். ஆடு, மாடு, நாய், பூனை எல்லாம் வைட்டமின் சி-யைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கின்றன. மனிதனின் மூதாதைகள் எப்போதோ அந்தத் திறனை இழந்துவிட்டார்கள். மனித எடையுள்ள ஆடு தினமும் கிராம் கணக்கில் தயாரிக்கிறது என்றால், மனிதனுக்கும் கிராம் கணக்கில்தானே தேவைப்படும்? நாம் சாப்பிடும் அளவு ஸ்கர்வி வராமல் தடுக்குமே ஒழிய, முழு ஆரோக்கியத்துக்குப் போதாது.

தியரியின் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி வெறும் ஊகம். ஆட்டுக்குத் தேவை என்பதால் மனிதனுக்கும் தேவை என்று ஆகிவிடாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

மருந்துக்கடைகள் காலியாயின

1970-ல் வைட்டமின் சி அண்ட் தி காமன் கோல்ட் என்ற புத்தகத்தை பாலிங் வெளியிட்டார். அமெரிக்காவில் பல ஊர்களில் மருந்துக்கடை அலமாரிகள் காலி. எழுதியவர் இரண்டு நோபல் வாங்கியவர் ஆயிற்றே, மக்கள் வேறு என்ன செய்வார்கள்?

புத்தகத்தில் அவர் பெரிதும் நம்பிய ஆய்வு, சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு முகாமுக்குப் போன 279 பையன்களிடம் சில நாட்கள் மட்டும் நடந்த ஒன்று. தனக்குச் சாதகமானதைத் தூக்கிப் பிடித்தார், பாதகமானவற்றில் ஓட்டை தேடினார் என்று விமர்சகர்கள் அப்போதே எழுதினார்கள்.

ஆனால் விமர்சித்ததோடு நிற்காமல் பலரும் சோதனையில் இறங்கினார்கள். அதில் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு அது.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச், தன் ஊழியர்கள் 311 பேரை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு வைட்டமின் சி கேப்சூல், இன்னொன்றுக்கு லாக்டோஸ் அடைத்த டம்மி கேப்சூல். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. ஒன்பது மாதம் ஓடியது. முடிவில், வைட்டமின் சி சாப்பிட்டவர்களுக்குச் சளி கொஞ்சம் சீக்கிரம் போனதாகத் தெரிந்தது. பாலிங் ஜெயித்துவிட்டாரா?

அங்கேதான் ட்விஸ்ட். நம் ஆபீஸ்களில் நடக்கிற மாதிரியே அங்கேயும் ஆர்வக்கோளாறு ஆட்கள் இருந்தார்கள். கேப்சூலைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். புளித்தால் வைட்டமின் சி, இனித்தால் டம்மி. ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்து, தான் சாப்பிடுவது எது என்று சரியாக ஊகித்தவர்களைத் தனியாகவும் மற்றவர்களைத் தனியாகவும் பிரித்துப் பார்த்தார்கள். ஊகித்தவர்களிடம் மட்டும்தான் வித்தியாசம் இருந்தது. வைட்டமின் சி சாப்பிடுகிறோம் என்று தெரிந்தவருக்குச் சளி சீக்கிரம் போனது. டம்மி என்று தெரிந்தவருக்கு இழுத்தடித்தது. எது என்று தெரியாமலே இருந்தவர்களிடம் வித்தியாசமே இல்லை. 1975-ல் இது வெளியானது.

அவர்கள் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி உணர்ந்திருக்கிறார்கள். பாலிங்கும் ஏவா ஹெலனும்கூட அப்படி உணர்ந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு பத்துப் பத்தாக ஆய்வுகள் சேர்ந்தன. 2013-ல் காக்ரேன் அமைப்பு 29 ஆய்வுகளை, 11,306 பேரின் தகவல்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. சாதாரண மக்கள் தினமும் வைட்டமின் சி சாப்பிட்டாலும் சளி பிடிப்பது குறையவில்லை. தினமும் சாப்பிட்டு வருபவர்களுக்குச் சளி வந்தால் அது நீடிக்கும் காலம் பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவீதம் குறைந்தது. பத்து நாள் சளியில் முக்கால் நாளுக்குச் சற்று அதிகம். தும்மல் ஆரம்பித்த பிறகு மாத்திரையைத் தேடினால், நிலையான பலன் எதுவும் தெரியவில்லை. நாம் எல்லோரும் செய்வது இந்தக் கடைசி ரகம்தான்.

ஒரே விதிவிலக்கு: மாரத்தான் ஓட்டக்காரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், உறைபனியில் பயிற்சி எடுத்த ராணுவத்தினர் என 598 பேரிடம் நடந்த ஆய்வுகளில் சளி பிடிப்பது பாதியாகக் குறைந்தது. சுவிஸ் பனிச்சறுக்குப் பையன்களிடம் பாலிங் பார்த்தது இதைத்தானோ என்னவோ. ஓஎம்ஆர் சாலை ட்ராஃபிக்கை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

சளியோடு நின்றிருந்தால்

கதை இங்கேயே முடிந்திருந்தால் பெரிய நஷ்டம் இல்லை. மாத்திரைக் காசு போச்சு, அவ்வளவுதான். பாலிங் புற்றுநோய்க்குப் போனார்.

ஸ்காட்லாந்தில் ஈவன் கேமரன் என்ற அறுவை மருத்துவர், இனி சிகிச்சை இல்லை என்று கைவிடப்பட்ட புற்றுநோயாளிகளுக்குத் தினமும் 10 கிராம் வைட்டமின் சி கொடுத்துவந்தார். அவரும் பாலிங்கும் சேர்ந்து 1976-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வைட்டமின் சி பெற்ற 100 நோயாளிகளை, பெறாத 1,000 பழைய நோயாளிகளின் மருத்துவமனைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டார்கள். வைட்டமின் பெற்றவர்கள் சராசரியாக நாலு மடங்குக்கும் மேல் அதிக காலம் வாழ்ந்தார்கள் என்றது கட்டுரை.

பிரச்சினை ஒப்பீட்டில் இருந்தது. அந்த 1,000 பேரும் பழைய கோப்புகளிலிருந்து பின்னால் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். இனி சிகிச்சை இல்லை என்று அவர்களைக் கைவிட்ட நாளும், வைட்டமின் சி நோயாளிகளைக் கைவிட்ட நாளும் ஒரே அளவுகோலில் முடிவானவை அல்ல. அவர்களில் கணிசமானவர்கள் கைவிடப்பட்ட சில நாட்களிலேயே இறந்திருந்தார்கள். சாவின் விளிம்பில் நின்றவரையும் கொஞ்சம் தள்ளி நின்றவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓட்டப்பந்தயம் வைத்த மாதிரி.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சார்லஸ் மோர்ட்டல் தலைமையிலான குழு முறையான சோதனை நடத்தியது. யாருக்கு வைட்டமின், யாருக்கு டம்மி என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி முடிவு செய்து, டாக்டருக்கும் நோயாளிக்கும் அதைத் தெரியாமல் வைத்துக்கொண்டார்கள். 1979-ல் முடிவு வந்தது. பலன் இல்லை. இந்த நோயாளிகள் ஏற்கெனவே கீமோ எடுத்தவர்கள், எதிர்ப்புச் சக்தி அழிந்துபோனவர்கள், அதனால்தான் வேலை செய்யவில்லை என்றார் பாலிங். நியாயமான ஆட்சேபம். கீமோ எடுக்காத பெருங்குடல் புற்றுநோயாளிகள் 100 பேரிடம் மறுபடி சோதித்தார்கள். 1985-ல் அந்த முடிவும் வந்தது. பலன் இல்லை.

பாலிங் ஏற்கவில்லை. வைட்டமின் சி-யைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள், மோசடி செய்துவிட்டார்கள் என்று பொதுவெளியில் குற்றம் சாட்டினார்.

அவர் பக்கம் ஒரு உண்மையான பாயின்ட்டும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கேமரன் ஆரம்ப நாட்களில் நரம்பு வழியாக ஏற்றினார். மேயோவில் கொடுத்தது வாய்வழி மாத்திரை. இரண்டும் ஒன்றில்லை. வாய்வழியாக ஒரு நாளைக்கு 200 முதல் 400 மில்லிகிராம் போனதுமே ரத்தத்தில் வைட்டமின் சி அளவு கிட்டத்தட்ட உச்சத்தைத் தொட்டுவிடும் என்று 1990-களில் மார்க் லெவைனின் என்ஐஎச் குழு காட்டியது. அதற்கு மேல் விழுங்குவதைக் குடல் சரியாக உறிஞ்சாது, உறிஞ்சியதையும் சிறுநீரகம் வெளியே தள்ளும். நரம்பு வழியாக ஏற்றினால் இந்தக் காவல் உடைந்து, ரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறும். அது புற்றுநோய்க்கு உதவுமா என்ற ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது. நிரூபணமான சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை. கிருமித்தொற்று முற்றி ஐசியூவில் கிடந்தவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றிப் பார்த்த லோவிட் என்ற ஆய்வில், பலன் இல்லாததோடு நிலைமை கொஞ்சம் மோசமாகவே ஆனது. 2022-ல் வெளியான முடிவு இது.

எப்படிப் பார்த்தாலும், வாய்வழியாக 18 கிராம் சாப்பிட்டவரின் கணக்குக்கு இதில் ஆதரவு இல்லை.

எலி, நண்பர், மனைவி

1973-ல் பாலிங் கலிஃபோர்னியாவில் சொந்தமாக ஒரு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். கூடவே இருந்தவர் அவரது மாணவராக வந்து நெருங்கிய சகாவான ஆர்தர் ராபின்சன். வைட்டமின் சி-யைப் பெருமளவில் தயாரித்த ஹாஃப்மன் லா ரோஷ் கம்பெனி அந்த நிறுவனத்துக்கு நன்கொடை கொடுத்தது. இதனால்தான் பாலிங் அப்படிப் பேசினார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. காசு வருவதற்கு முன்பே அவர் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

ராபின்சன் எலிகளில் சோதனை செய்தார். சில அளவுகளில் வைட்டமின் சி கொடுத்தபோது தோல் புற்றுநோய் குறைவதற்குப் பதில் வேகமெடுத்ததாகத் தெரிந்தது. எலியில் நடப்பது மனிதனில் நடக்க வேண்டும் என்றில்லை. ஆனால் ஒரு விஞ்ஞானி அங்கே நின்று யோசிக்க வேண்டும் இல்லையா? 1978-ல் ராபின்சன் நிறுவனத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். பல வருட நட்பு கோர்ட்டில் போய் நின்றது. கடைசியில் ராபின்சனுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வழக்கை முடித்தார்கள்.

இதற்கு நடுவே, 1976-ல் ஏவா ஹெலனுக்கு வயிற்றில் புற்றுநோய். அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு கீமோ, கதிர்வீச்சு வேண்டாம் என்று தினமும் 10 கிராம் வைட்டமின் சி-யைத் தேர்ந்தெடுத்தார். ஐந்து வருடம் வாழ்ந்தார். 1981 டிசம்பரில் இறந்தார். வேறு வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் வயிற்றுப் புற்றுநோய்க்கான கீமோவும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. அமைதி இயக்கத்துக்குத் தன்னை இழுத்துவந்த, 58 வருடம் கூடவே வாழ்ந்த மனைவியை இழந்த பிறகும் பாலிங்கின் நம்பிக்கை அசையவில்லை. அசைந்திருந்தால், அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம் எவ்வளவு கொடுமையாக இருந்திருக்கும் என்று யோசித்தால், எனக்கு அவர்மேல் கோபம் வர மறுக்கிறது.

சட்டம் எந்தப் பக்கம் போனது?

வைட்டமின் மாத்திரைகளின் வீரியத்துக்கு உச்சவரம்பு வைக்க அமெரிக்க எஃப்டிஏ 1970-களில் முயன்றது. மக்கள் கொதித்தார்கள். 1976-ல் அமெரிக்க நாடாளுமன்றம் எஃப்டிஏ-வின் அந்த அதிகாரத்தையே சட்டம் போட்டுக் குறைத்தது. 1994-ல் வந்த இன்னொரு சட்டம், சப்ளிமென்ட்களை விற்பதற்கு முன் அவை வேலை செய்யும் என்று நிரூபிக்கத் தேவையில்லாத நிலையை உறுதிப்படுத்தியது. இன்று நீங்கள் ஆன்லைனில் பார்க்கும் இறக்குமதி டப்பாக்கள் இந்த உலகத்திலிருந்து வருபவை.

இந்தியாவில் 1954-ம் ஆண்டிலேயே மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டம் வந்துவிட்டது. புற்றுநோய், சர்க்கரை நோய் போன்ற பட்டியலிட்ட நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது குற்றம். சப்ளிமென்ட்களுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ 2016-ல் தனி விதிமுறை கொண்டுவந்தது. மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று லேபிளில் போட வேண்டும். உங்கள் டெஸ்க்கில் இருக்கும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் எங்கேயாவது இருக்கும். முன்பக்கத்தில் இம்யூனிட்டி என்று இருக்கும் எழுத்தின் சைஸையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கொரோனாவுக்கும் இந்தச் சோதனை நடந்தது. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் 214 நோயாளிகளிடம் தினமும் 8 கிராம் வைட்டமின் சி, ஜிங்க் இரண்டையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரியவில்லை என்று ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். அந்த முடிவு வெளியானது 2021 பிப்ரவரியில். நான் நாலு அட்டை வாங்கியது அதற்கு இரண்டு மாதம் கழித்து.

அப்போ வைட்டமின் சி வேஸ்ட்டா?

இல்லவே இல்லை. அது இல்லாமல் உயிர் வாழ முடியாது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, குடைமிளகாய், முருங்கைக்கீரை என்று நம் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைப்பதிலேயே தேவைக்கு மேல் இருக்கிறது. குறைபாடு இருப்பவருக்கு, சரியாகச் சாப்பிட முடியாதவருக்கு, மாத்திரை மருந்துதான். டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் இதைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம்.

கிராம் கணக்குதான் வேறு விஷயம். 2 கிராமைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு சகஜம். சுவீடனில் ஆண்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில், வைட்டமின் சி மாத்திரை எடுத்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் வருவது கிட்டத்தட்ட இரு மடங்காக இருந்தது. கோடைக் காலத்தில் தண்ணீர் சரியாகக் குடிக்காமல் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இது முக்கியமான தகவல்.

வைட்டமின்தானே, கூடினால் என்ன கெட்டுவிடும் என்ற எண்ணமும் பாலிங் காலத்து மிச்சம்தான். அவர் வைட்டமின் ஈ உள்ளிட்ட மற்றவற்றையும் பெரிய அளவில் சாப்பிடச் சொன்னார். 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த செலக்ட் ஆய்வில், வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாக வந்ததாக 2011-ல் தெரிந்தது. உடம்பில் வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டினை, ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் சோதித்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 18 சதவீதம் கூடியது. அந்த முடிவு வெளியானது 1994 ஏப்ரலில்.

ராமச்சந்திரன் வடிவம் கண்ட கொலாஜன் இன்று பவுடராக விற்கிறது. அதைக் குடித்தால் அந்த மூவிழைக் கயிறு அப்படியே முகத்துக்குப் போய்ச் சேராது. வயிறு அதை மற்ற புரதம் போலவே துண்டு துண்டாக வெட்டித்தான் உள்ளே அனுப்பும்.

கடைசி நாட்கள்

வயதான காலத்திலும் பாலிங் ஓயவில்லை. அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டும் திரும்பத் திரும்ப வராத வினோத படிகங்களை டான் ஷெக்ட்மன் கண்டுபிடித்தபோது, அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்று கடைசிவரை எதிர்த்தார். ஷெக்ட்மனுக்கு அதற்காக 2011-ல் நோபல் கிடைத்தது. நோபல் வாங்கியவர்கள் தங்களுக்குத் தெரியாத துறையில் வினோத நம்பிக்கைகளுக்கு ஆளாவதை நோபல் நோய் என்று கேலியாகச் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் பாலிங் பெயர் தவறாமல் இருக்கும். படிகங்களோ அவருக்கு நன்றாகத் தெரிந்த துறைதான் என்பது இன்னும் வேடிக்கை.

அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வந்தது. வைட்டமின் சி சாப்பிட்டதால்தான் அது இருபது வருடம் தள்ளிப்போனது என்று நம்பினார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க, வைட்டமின் சி சாப்பிடாத இன்னொரு லைனஸ் பாலிங் நம்மிடம் இல்லை.

1994 ஆகஸ்ட் 19-ல், கலிஃபோர்னியாவின் பிக் சர் கடற்கரையில் இருந்த தன் பண்ணை வீட்டில் இறந்தார். வயது 93. ஸ்டோன் சொன்ன 25 வருடத்துக்கு மேலே மூன்று வருடம் வாழ்ந்துவிட்டார். சப்ளிமென்ட் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட அந்த அமெரிக்கச் சட்டம் அதற்கு இரண்டு மாதம் கழித்து, அக்டோபரில் கையெழுத்தானது.

அவர் தொடங்கிய நிறுவனம் 1996-ல் அவர் படித்த ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கே இடம்பெயர்ந்து, லைனஸ் பாலிங் இன்ஸ்டிட்யூட் என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. வைட்டமின்கள் பற்றிய ஆராய்ச்சிதான் அங்கே முக்கிய வேலை. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வைட்டமின் சி என்ற கேள்விக்கு அந்த இன்ஸ்டிட்யூட் சொல்லும் அளவு, மற்ற அமைப்புகள் சொல்வதைவிடக் கொஞ்சம் தாராளமானது: 400 மில்லிகிராம். பாலிங் சாப்பிட்டதில் 45-ல் ஒரு பங்கு.